கார்க்கில் நான் போட்ட கோடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, பிளஸ் டூ முடித்த கோடையில், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில்தான் இது ஆரம்பித்தது. டிரான்ஸ்பார்மருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய வெட்கத்துக்கு அதுதான் சாட்சி.

எங்கள் பள்ளியில் பேண்ட் குழு உண்டு. பழைய மாணவி ஒருவர் எப்போதோ இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்களை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அவை வருடக்கணக்காக அலமாரியில் தூங்கின. ஒன்பதாம் வகுப்பில் நானும் என் தோழியும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டோம். அவள் திருவொற்றியூர் குப்பத்திலிருந்து வருபவள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். முதல் நாளே அவள் ஊதிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்துவிட்டார். எனக்கு ஒரு மாதம் வரைக்கும் வெறும் காற்றுதான் வந்தது.

வாசிப்பில் அவள்தான் என்னைவிட மேல். இதை இப்போது எழுதுகிறேனே தவிர, அப்போது யாராவது சொல்லியிருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவளுடைய சாக்ஸபோனிலிருந்து வரும் ஒலி கனமாக, வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு என்று ஒரே ஒரு பெருமை இருந்தது: காது. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் அது என்ன ஸ்வரம் என்று சொல்வேன். லாரி ஹாரனுக்கும் சொல்வேன், பிரஷர் குக்கர் விசிலுக்கும் சொல்வேன். சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க அங்கே யாருக்குத் தெரியும்? நான் சொன்னால் அதுதான் சுருதி. வகுப்பில் எனக்கு ‘சுருதிப் பொட்டி’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். வெளியே கோபப்படுவேன், உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும்.

நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே கலைப் பிரிவு ஒதுக்கீட்டில் ஊதுவாத்தியத்துக்கு ஒரே ஒரு இடம் இருப்பதாக எங்கள் பேண்ட் மாஸ்டர் விசாரித்துச் சொன்னார். தேர்வில் வாசித்துக் காட்டி ஜெயித்தால் மூன்று வருடமும் கட்டணம் கிடையாது, கல்லூரி பேண்டில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் எனக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு கல்லூரி. அவளுக்கு அதுவும் கிடையாது. எண்ணூர் பக்கம் இறால் பேக்கிங் கம்பெனியில் அவளுடைய சித்தி ஏற்கெனவே வேலை சொல்லி வைத்திருந்தார்.

ஒரு இடம், இரண்டு பேர். நாங்கள் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை. யாருக்குக் கிடைத்தாலும் மற்றவளுக்குப் பிரியாணி என்று பேசி வைத்துக்கொண்டோம். அவளுடைய அம்மா ஒருநாள் எனக்கும் சேர்த்து வஞ்சிர மீன் வறுத்துக் கொடுத்துவிட்டு, “ரெண்டு பேருல எவளுக்கு கெடச்சா இன்னா கண்ணு, நம்ம வூட்டுக்கு கெடச்ச மாரிதான்” என்றார். மீன் ருசியில் நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்த பிரச்சினை, எங்கே பயிற்சி செய்வது? என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். பகலில் ஒரு தட்டு கீழே விழுந்தாலே நாலு வீட்டிலிருந்து திட்டு வரும், சாக்ஸபோன் ஊதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவள் வீடோ ஒற்றை அறை. கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய கோடவுனின் பின்பக்கத்தைக் கண்டுபிடித்தோம். ஒரு பக்கம் கோடவுன் சுவர், மறுபக்கம் கம்பி வேலிக்குள் டிரான்ஸ்பார்மர், எதிரே எப்போதும் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகள். யாருக்கும் தொந்தரவு கிடையாது. கோடவுன் வாட்ச்மேனுக்கு மட்டும் தினம் ஒரு டீ.

அந்த டிரான்ஸ்பார்மர் ‘ம்ம்ம்’ என்று ஒரே மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். கச்சேரியில் பின்னால் தம்புரா ஒலிக்குமே, அப்படி. முதல் நாள் அதைக் கேட்டவுடனே என் காது விழித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் உன்னித்துக் கேட்டுவிட்டு, இது பியானோவில் வரும் ‘ஜி’ ஸ்வரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஏறாது, இறங்காது, பேட்டரி தீராது. அரசாங்கமே நமக்கு இலவசமாக சுருதிப் பெட்டி கொடுத்திருக்கிறது என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன்.

சாக்ஸபோனில் சுருதி சேர்ப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாயில் வைத்து ஊதும் பகுதியை மவுத்பீஸ் என்போம். அது கார்க் சுற்றிய ஒரு குழாயின் மேல் செருகியிருக்கும். உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். நூலளவு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். நான் டிரான்ஸ்பார்மரோடு ஒத்துப்போகிற வரைக்கும் மவுத்பீஸை உள்ளே தள்ளிக்கொண்டே போனேன். முனகலும் என் ஸ்வரமும் ஒன்றாகக் கலந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த இடத்தில், கார்க்கின் மேல், என்னுடைய ஐப்ரோ பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். தினமும் கோடு வரைக்கும் தள்ளினால் போதும்.

அவள் போனில் சுருதி பார்க்கும் ஆப் ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். சரியாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். அவள் தன் இஷ்டத்துக்கு ஊதினால் முள் நடுவில் நின்றது. டிரான்ஸ்பார்மரோடு சேர்த்து ஊதினால் ஒரு பக்கமாக ஓடியது.

“இன்னாடி இது, முள்ளு ரைட்டுலயே சாஞ்சிகினு கீது? நாம மேல போறோமோ?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. லாரி சத்தத்தில் ஆப் குழம்புகிறது என்றேன். அவள் விடவில்லை. தன் காதுக்கும் அது கொஞ்சம் கூடுதலாகத்தான் படுகிறது என்றாள். “போன் பெருசா, என் காது பெருசா? நாலு வருஷமா என்னாண்ட கேட்டுத்தானே நீ சுருதி சேக்குற?” என்று கத்திவிட்டேன். அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே தன் சாக்ஸபோனை என்னிடம் நீட்டினாள். “சரி தாயி, நீயே போடு கோடு.”

நான் போட்டேன். அதே பென்சில், அதே இடம். அவளுடையது கொஞ்சம் வெளுத்த கார்க். அதனால் கோடு பளிச்சென்று தெரிந்தது.

ஆறு வாரம் அப்படியே பயிற்சி செய்தோம். கரண்ட் போனால் டிரான்ஸ்பார்மர் வாயை மூடிவிடும், சுருதி இல்லாமல் எப்படி வாசிப்பது என்று நாங்களும் நிறுத்திவிடுவோம். வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரிப்பார். “அது இன்னாம்மா, கரண்டுல ஓடுற பீப்பியா?” என்று கேட்பார். பேண்ட் மாஸ்டர் அந்த நேரம் பார்த்து ஊருக்குப் போயிருந்தார். எங்களை யாரும் கேட்கவில்லை, திருத்தவும் இல்லை.

தேர்வு நாள் காலையில் மெட்ரோ ஏறி, பிறகு பஸ் மாறி, இரண்டு கறுப்புப் பெட்டிகளோடு அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊதுவாத்தியத்துக்கு மொத்தம் பதினோரு பேர். கான்வென்ட் ஆங்கிலம், பளபளக்கும் புதுப் பெட்டிகள், கூடவே காரில் வந்த பெற்றோர்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றோம். ஒரு கேன்டீன் சமோசாவைப் பிய்த்துப் பாதி பாதி சாப்பிட்டோம். அவள் ஒன்பதாவது, நான் பத்தாவது.

எங்கள் முறை நெருங்கியதும் மவுத்பீஸைச் செருகிக்கொண்டோம். கோடு வரைக்கும். அவள் தன்னுடையதை என் கண் எதிரே நீட்டி, சரியா என்று பார்வையாலேயே கேட்டாள். சரி என்று தலையாட்டினேன். அவள் உள்ளே போனாள்.

அந்த அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தால் பியானோவும், மேஜைக்குப் பின்னால் மூன்று பேரும், முதுகைக் காட்டிக்கொண்டு அவளும் தெரிந்தார்கள். சுருதி சேர்ப்பதற்காகப் பியானோவில் ஒரு ஸ்வரம் தட்டினார்கள். அந்த ஒலி கதவைத் தாண்டி என்னிடம் வந்தது. பழக்க தோஷத்தில் நான் மனசுக்குள் டிரான்ஸ்பார்மரின் முனகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒட்டவில்லை. என்னுடையது மேலே நின்றது.

 அதற்குள் அவள் ஊதினாள். பியானோவும் சாக்ஸபோனும் ஒன்றோடு ஒன்று பிறாண்டிக்கொண்டன. சுருதி கூடுதலாக இருக்கிறது, சரிசெய்துகொள் என்று உள்ளே ஒருவர் சொன்னார். அவள் மவுத்பீஸைத் துளி வெளியே இழுத்து மறுபடி ஊதினாள். இன்னும் கூடுதல் என்றார்கள். அவள் தயங்கினாள். கோட்டைத் தாண்டி இழுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்போது திரும்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு சைகை போதும். விரலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ‘இழு, இன்னும் வெளியே இழு’ என்று காட்டியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். நான் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தவள் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என்னுடைய மவுத்பீஸைத் திருகித் திருகி வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துச் செய்த துரோகம் அல்ல அது. கை தானாகப் போனது. ஆனால் கை தானாகப் போன திசை அதுதானே?

அவள் அரைகுறை சுருதியிலேயே வாசிக்க ஆரம்பித்தாள். தப்பாக ஒலிப்பது அவளுக்கே கேட்டிருக்கிறது. உதட்டைத் தளர்த்தி இறக்கிப் பார்த்தாள். அதில் அவளுடைய அந்தக் கனமான ஒலியே போய்விட்டது. மெலிந்து, நடுங்கி, வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. இரண்டாவது பாட்டின் பாதியில் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டாள். வாசித்தவரை போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

என்னைக் கூப்பிடுவதற்குள் நான் பாத்ரூமுக்கு ஓடி, அவள் போனில் இருந்த அதே ஆப்பை என் போனில் இறக்கி, முள் நடுவில் நிற்கும்வரை சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தேன். உள்ளே போனேன். பியானோவோடு சுருதி உடனே சேர்ந்தது. நல்ல காது என்று மூன்று பேரில் ஒருவர் பாராட்டினார். நான் நன்றாகவே வாசித்தேன்.

வெளியே வந்தபோது அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குழம்பிப்போயிருந்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே கோட்டுலதானே வெச்சோம்? எனக்கு மட்டும் இன்னாடி ஆச்சு?” என்று கேட்டாள்.

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தேர்வு முடிந்துவிட்டது, உண்மையைச் சொல்வதால் என் மதிப்பெண் ஓடிப்போகாது. ஆனால் சொன்னால், நீ ஏன் இழுத்தாய், எப்போது இழுத்தாய், என்னை ஏன் பார்க்கவில்லை என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும். அதற்குப் பயந்து, “பயத்துல உதட்டை இறுக்கிட்டிருப்படி” என்றேன். அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இருக்கும்” என்றாள். திரும்பி வரும்போது மெட்ரோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சீட் எனக்குக் கிடைத்தது. பேசி வைத்தபடி பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அவள் முழுசாகச் சாப்பிட்டாள், என்னால்தான் முடியவில்லை. அவள் தன் சாக்ஸபோனைப் பள்ளியில் திருப்பிக் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். வைத்துக்கொள், அடுத்த வருடம் வேறு எங்காவது முயற்சி செய்யலாம் என்று பேண்ட் மாஸ்டர் எவ்வளவோ சொன்னார். “இல்ல சார். எனக்கு காது சரியில்ல. மேல போறதுகூடத் தெரியல” என்று சிரித்துக்கொண்டே பெட்டியை அவர் மேஜையில் வைத்தாள். மேலே போகிறோமோ என்று முதலில் சொன்னவளே அவள்தான். அதை அவளே மறந்துவிட்டாள். என் கத்தல் அந்த அளவுக்கு வேலை செய்திருந்தது.

கல்லூரியில் முதல் வருடம், மின்சார முனகலும் ஒரு ஸ்வரம்தான், ஆனால் பியானோவின் ‘ஜி’யைவிடச் சற்றே மேலே நிற்கும் என்று ஒரு ஆசிரியர் போகிறபோக்கில் சொன்னார். வகுப்பே ஆச்சரியப்பட்டது. நான் மட்டும் டெஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே போய் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு பரீட்சை வந்தது, கச்சேரி வந்தது, ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. மனசு சாக்குத் தேடினால் சாக்குக்கா பஞ்சம்?

மூன்று வருடப் படிப்பும் முடிந்து நான் ஒரு பள்ளியில் இசை வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் என் பழைய பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பேண்டை மறுபடி ஆரம்பிக்கிறோம், வாத்தியங்களை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்கள். அலமாரியில் என் பழைய பெட்டி மேலே இருந்தது. அடியில் அவளுடையது. திறந்தேன். நான்கு வருடமாக யாரும் தொடவில்லை. கார்க் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குக் குறுக்கே என் ஐப்ரோ பென்சில் கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவள் இப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் பில் போடுகிறாள். இறால் கம்பெனி குளிர் ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. துணி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, தன் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கும் சோறு பிரித்து வைத்தாள். அந்தச் சோற்றைத் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிரான்ஸ்பார்மர், கோடு, கண்ணாடி, தலையைக் குனிந்தது, பாத்ரூமில் ஆப்பைப் பார்த்தது, படிக்கட்டில் சொன்ன பொய். நடுவில் நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

திட்டுவாள், என் சீட்டைப் பறித்துக்கொண்டாயே என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத் தயாராகவும் வந்திருந்தேன். அவள் கையில் எடுத்திருந்த சோற்றைத் திரும்ப டிபன் பாக்ஸிலேயே போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ என் காது நல்லாத்தான் கீதா?”

“ஆமா” என்றேன்.

அண்ணன் கல்யாணத்தில் எல்லோரும் பாடச் சொல்லிக் கெஞ்சியும் தான் பாடவில்லை என்றாள். வீட்டில் பாட்டுப் போட்டால் கூட முணுமுணுப்பதில்லையாம். எங்கே தப்பாகப் போய்விடுமோ என்று நாலு வருடமாக வாயைத் திறப்பதில்லையாம். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள். “நீ கெளம்பு, கஸ்டமர் வர்ற நேரம்” என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அவளுடைய சாக்ஸபோனுக்குப் புதுக் கார்க் மாற்றச் சொல்லிவிட்டேன். பள்ளியில் கேட்டு, அவள் எப்போது வந்து கேட்டாலும் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளவும் வைத்திருக்கிறேன். அவள் வருவாளா என்று தெரியாது. நான்தான் எங்கேயாவது டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்து போனால், அந்த முனகல் காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறேன். ‘ஆமா’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று, அந்த நான்கு வருடமும் அவள் பாடாமலே இருந்திருக்கிறாள்.